கணக்கு சொன்ன 1.8 மில்லிகிரே

கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மாலை நேரத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதுகுவலி என்று வந்த ஒரு பெண்ணுக்கு அங்குள்ள ஸ்கேன் சென்டரில் கீழ்முதுகு எலும்பை முன்புறமிருந்து ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் அவர் கருவுற்றிருந்தார் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியவந்திருக்கிறது. "வீட்டுல எல்லாரும் பயந்துபோய்க் கலைச்சுடலாம்னு சொல்றாங்க சார். குழந்தைக்கு எவ்வளவு போயிருக்கும்னு நீங்க ஒரு எண் சொன்னா நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

மருத்துவ இயற்பியலாளர்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்விதான். படம் எடுத்து முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் அங்கே எந்த அளவுமானியும் இல்லை. கையில் இருப்பவை, டெக்னீஷியன் நினைவிலிருந்து சொல்லும் மூன்று எண்கள் மட்டுமே. 80 கேவி (டியூபின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), 40 எம்ஏஎஸ் (மின்னோட்டமான எம்ஏவை நேரத்தால் பெருக்கியது), டியூபிலிருந்து படம் பதியும் கேசட் வரை 100 சென்டிமீட்டர் என்றார் அவர். மீதியை மாதிரிக் கணக்கு நிரப்ப வேண்டும். டியூபின் ஒட்டுப்பட்டியில், பலவீனமான கதிர்களைத் தடுக்கும் மொத்த வடிகட்டல் 2.5 மில்லிமீட்டர் அலுமினியம் என்று இருப்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டு, டியூபிலிருந்து வரும் கதிரைக் கணித்துச் சொல்ல என் மடிக்கணினியில் இருந்த நிறமாலை மென்பொருளில் இட்டேன். ஒரு மீட்டர் தொலைவில், ஒரு எம்ஏஎஸ்ஸுக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிரே என்றது (கிரே என்பது கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு).

அதற்குப் பிறகு பள்ளிக் கணக்குதான். 70ஐ 40ஆல் பெருக்கினால் 2800. நோயாளியின் தடிமனையும் மேசைக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியையும் கழித்தால் அவருடைய தோல் டியூபிலிருந்து 72 சென்டிமீட்டரில் இருக்கும், தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கதிர் மாறும், ஆகவே 0.72இன் வர்க்கத்தால் வகுக்க 5400 மைக்ரோகிரே, அதாவது 5.4 மில்லிகிரே கிடைக்கிறது. இந்தக் கோணத்தில் எடுக்கும் படத்தில் கருப்பையைச் சென்றடைவது இதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 1.8 மில்லிகிரே. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 84ஆம் அறிக்கை, கருவுக்குக் கிடைத்த அளவு 100 மில்லிகிரேக்குக் கீழ் இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று சொல்கிறது. 1.8 எங்கே, 100 எங்கே! மருத்துவரிடம் தயங்காமல் சொன்னேன். கையெழுத்திட்டு ஒரு கடிதமும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் அதே சென்டருக்கு வேறொரு வேலையாகப் போக நேர்ந்தது. மீட்டர் கையில் இருந்ததால், என் கடிதத்தில் இருந்த 70ஐ ஒரு முறை சரிபார்த்துவிடலாம் என்று 80 கேவியில் ஒரு எக்ஸ்போஷர் கொடுத்தேன். மீட்டர் 49 காட்டியது.

முப்பது சதவீதம் குறைவு. கடிதத்தின் முடிவு இதனால் மாறவில்லை, 1.8 என்பது 1.3 ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஆனாலும் நான் கையெழுத்திட்ட எண் அது. உறுத்தியது.

எக்ஸ்ரே இயந்திரத்தின் வெளியீட்டைக் கணித்துச் சொல்லும் முயற்சிக்கு நூறு வயதாகிறது. கனமான உலோக இலக்கில் எலெக்ட்ரான்கள் மோதும்போது எவ்வளவு எக்ஸ் கதிர் பிறக்கும் என்பதற்கு 1923இல் கிராமர்ஸ் ஒரு எளிய கோட்பாட்டைத் தந்தார். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளியீடு கூடும் என்று ரேடியோகிராஃபி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் விதி அதிலிருந்து வருவது. 80 கேவியில் எலெக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே எக்ஸ் கதிராகிறது, மற்றதெல்லாம் வெப்பம் என்பதும் அதே கணக்கில் அடங்கும். 1979இல் பிர்ச்சும் மார்ஷலும், இலக்குக்குள் எலெக்ட்ரான் வேகம் இழப்பதையும் அங்கேயே கதிர் உறிஞ்சப்படுவதையும் சேர்த்துக் கணித்து, ஜெர்மானியம் உணரியில் அளந்த நிறமாலையோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். 1997இல் பூன், சீபெர்ட் இருவரும் வேறு வழியில் போனார்கள். இயற்பியலிலிருந்து தொடங்காமல், முன்பு அளந்து வைத்திருந்த நிறமாலைகளின்மேல் பல்லுறுப்புக் கோவைகளைப் பொருத்திவிட்டார்கள், இதுவே டாஸ்மிப். 2009இல் வந்த ஸ்பெக்கால்க், பிர்ச்-மார்ஷல் வழியை மேம்படுத்தி, யாரும் மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது.

இவற்றில் எது துல்லியமானது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மென்பொருள்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, அவற்றுக்கு நாம் ஊட்டும் விவரங்களில் உள்ள பிழை பல சமயம் பெரிதாக இருக்கிறது என்பதே என் அனுபவம். எலெக்ட்ரான்கள் மோதும் இலக்கான ஆனோடின் கோணம், கண்ணாடிக் குழாயின் தடிமன், சேர்த்த வடிகட்டி, ஜெனரேட்டரின் அலைவடிவம், உண்மையான கேவி ஆகியவற்றை ஒட்டுப்பட்டியிலிருந்தும் கன்சோலிலிருந்தும் எடுத்து எழுதிவிட்டு, விடையை மூன்று தசம இடம் வரை அச்சிடுகிறோம். ஒட்டுப்பட்டி அந்த டியூபு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளைத்தான் சொல்லும்.

அன்று முதலில் சந்தேகப்பட்டது என் மீட்டரைத்தான். அதே மீட்டரை முந்தின நாள் வேறொரு இயந்திரத்தில் வைத்தபோது கணக்கோடு ஒத்துப்போயிருந்தது என்பதால் அதை விலக்கினேன். அடுத்து தொலைவு. டியூபின் உறையில் குவியப்புள்ளி இருக்கும் இடத்தைக் குறித்திருப்பார்கள். அந்தக் குறி இரண்டு சென்டிமீட்டர் தவறினால் ஒரு மீட்டர் தொலைவில் நான்கு சதவீதப் பிழை வரும், அவ்வளவுதான். முப்பது வர வேண்டுமென்றால் குறி ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் தவறியிருக்க வேண்டும். அது வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனாலும் 100இலும் 150இலும் அளந்து எதிர்வர்க்க விதியைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 60, 80, 100, 120 என்று நான்கு கேவியில் அளந்து, ஒவ்வொன்றிலும் அளவீடு கணக்கில் எத்தனை பங்கு என்று எழுதினேன். வரிசையாக 64, 70, 75, 79 சதவீதம் வந்தது.

இந்த நான்கு எண்களில் செய்தி இருக்கிறது. தொலைவு தவறாக இருந்தாலோ, மீட்டரின் அளவுத்திருத்தம் பிசகியிருந்தாலோ, எம்ஏ குறைவாக வந்தாலோ எல்லாக் கேவியிலும் ஒரே பங்குதான் குறையும். எம்ஏஎஸ்ஸைக் கூட்டும்போது பங்கு மாறினால் டைமரையோ, கேபிளில் தங்கும் மின்னேற்றத்தையோ பார்க்க வேண்டும். இங்கே கேவி ஏற ஏறப் பற்றாக்குறை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆற்றல் குறைந்த மென்மையான கதிரை அதிகமாகவும் ஆற்றல் மிகுந்த கடினமான கதிரைக் குறைவாகவும் தின்னும் ஏதோ ஒன்று வழியில் இருக்கிறது. அப்படித் தின்பது வடிகட்டி. அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கி அரைமதிப்புத் தடிமனை (கதிரைப் பாதியாக்கும் தடிமன்) அளந்தபோது 80 கேவியில் 3.6 மில்லிமீட்டர் வந்தது, 2.5 வடிகட்டலுக்கு அது 2.9 சுமாரில் இருந்திருக்க வேண்டும்.

கதிர்க்கற்றையின் பரப்பைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரைக் கழற்றினோம். டெக்னீஷியன் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொள்ள, நான் செல்போன் விளக்கைக் காட்ட, டியூபின் வாய்க்கும் கோலிமேட்டருக்கும் நடுவே ஒரு தகடு இருந்தது. ஓரம் மஞ்சளேறி, ஒரு மூலையில் பென்சிலால் போட்ட பெருக்கல் குறியோடு. அது வழக்கமாக இருக்க வேண்டியது. அதற்குக் கீழே, கோலிமேட்டருக்குள் இன்னொன்று, பளபளவென்று புதிதாக. மைக்ரோமீட்டரில் வைத்தால் 1.5 மில்லிமீட்டர். ஈராண்டுக்கு முன் பழைய கோலிமேட்டரின் பல்பு அடிக்கடி போகிறது என்று வேறு கோலிமேட்டரை மாட்டியிருக்கிறார்கள். அது தனக்குரிய தகட்டோடு வந்திருக்கிறது. மாட்டியவர் பழைய தகட்டையும் எடுக்காமல் விட்டுவிட்டார். ஒட்டுப்பட்டி மட்டும் பழைய 2.5ஐயே சொல்லிக்கொண்டிருந்தது.

மென்பொருளில் 2.5ஐ அழித்து 4 என்று இட்டேன். 52 என்றது, அளவீடு 49. எஞ்சிய ஆறு சதவீதத்துக்காகச் சண்டை போட எனக்கு உரிமை இல்லை. மீட்டரின் அளவுத்திருத்தச் சான்றிதழே ஐந்து சதவீதம் வரை விட்டுத்தருகிறது; ஆண்டுக்கணக்காக எலெக்ட்ரான் அடி வாங்கிச் சொரசொரப்பான ஆனோடு தன் பள்ளங்களுக்குள்ளேயே கொஞ்சம் கதிரை விழுங்கிவிடும். மாதிரி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் வேறொரு இயந்திரத்தைப் பற்றி அதனிடம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாண்டாக இது எப்படி யார் கண்ணிலும் படவில்லை? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி கேட்கும் தரச் சோதனை அறிக்கை அந்த அறையிலேயே கோப்பில் இருந்தது, எல்லாக் கட்டத்திலும் தேர்ச்சி. கேவி ஐந்துக்குள் பிசகாமல் இருக்கிறதா, டைமர் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா, திரும்பத் திரும்பக் கொடுத்தால் வெளியீடு மாறாமல் வருகிறதா, எம்ஏஎஸ்ஸோடு நேர்விகிதத்தில் கூடுகிறதா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கிறது. வெளியீடு இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. எப்போதும் 49 கொடுக்கும் இயந்திரமும் எப்போதும் 70 கொடுக்கும் இயந்திரமும் அதன் முன் சமம். வடிகட்டலுக்கும் கீழ்வரம்புதான் உண்டு. சோதித்தவர் 'குறைந்தபட்சத்துக்கு மேல் உள்ளது' என்று எழுதி டிக் செய்துவிட்டுப் போயிருந்தார். அளந்த எண்ணை எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கட்டம் கேட்டதை அவர் நிரப்பினார்.

படமாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா? ஃபிலிம் காலமாக இருந்தால் வெளுத்துப்போன படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் அன்றைக்கே சத்தம் போட்டிருப்பார். ஃபிலிமுக்குப் பதில் கணினியில் படம் தரும் சிஆர் வந்த பிறகு, கதிர் கூடினாலும் குறைந்தாலும் கருவி தானே சாயலைச் சரிசெய்து அழகான படமாகத் தருகிறது. "மெஷின் பழசுதானுங்க சார், ஆனா படம் நல்லாத்தானே வருது" என்றார் டெக்னீஷியன். அவர் சொன்னதில் தவறில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூடுதல் தகடு தின்ற கதிர்களில் பெரும்பகுதி, தகடு இல்லாதிருந்தால் நோயாளியின் முதல் சில சென்டிமீட்டர் சதையில் நின்றுபோயிருக்கும். கேசட் வரை வந்திருக்காது. ஆகவே தோலுக்கு முன் முப்பது சதவீதம் குறைந்த கதிர், கேசட்டுக்கு வரும்போது அதில் பாதியளவே குறைந்து தெரிகிறது. கன்சோலில் எம்ஏஎஸ் 25, 32, 40, 50 என்று படிபடியாக ஏறும். கோலிமேட்டர் மாற்றியதற்குப் பிறகு ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். சற்று யோசித்து, "கொஞ்சம் பொரிபொரியா வந்துச்சுங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரு படி ஏத்திக்கிட்டேன்" என்றார். 32 என்பது 40 ஆனது அப்படித்தான்.

அவர் கைப்பட எழுதிய எக்ஸ்போஷர் சார்ட் கன்சோலுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. பழைய எண்கள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புது எண்கள். தேதியும் போட்டிருந்தார்.

எல்லாப் பிழையும் இப்படித் தகடாகக் கையில் கிடைப்பதில்லை. விசைத்தறிகள் ஓடும் ஊரொன்றில் ஒற்றை ஃபேஸில் ஓடும் பழைய 100 எம்ஏ இயந்திரம் ஒன்றைச் சோதித்தபோது, காலையில் ஒரு வெளியீடும் பிற்பகலில் வேறொன்றும் வந்தது. லைன் வோல்டேஜைத் திருப்பி வைக்கும் குமிழை யாரும் தொடுவதில்லை. கேவி பத்து சதவீதம் தளர்ந்தால் வெளியீடு இருபதுக்கும் மேல் தளரும். எந்த மாதிரிக்கும் தறி ஓடுவது தெரியாது. உதகையில் இன்னொரு பாடம். அங்கே இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது. கதிரை அளக்கும், காற்றுப் புகும் திறந்த அயனிக்கூண்டை 2200 மீட்டர் உயரத்தில் வைத்துவிட்டு காற்றழுத்தத் திருத்தத்தை மறந்தால், காற்று மெலிந்திருப்பதால் மீட்டர் உண்மை அளவில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே காட்டும். திருத்தக் காரணி ஏறத்தாழ 1.3. அளவீடும் ஒரு வகை மாதிரிதான் என்று அன்றைக்குத் தோன்றியது, குளிரில் கை நடுங்கிக்கொண்டே அழுத்தமானியைத் தேடியபோது.

எக்செலில் வரைகோடு இழுத்துவிட்டு 'ஆர் ஸ்கொயர் 0.998' (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) என்று அறிக்கையில் எழுதும் பழக்கத்தைப் பற்றி எனக்குள்ள மனக்குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 40இலிருந்து 120 கேவி வரை போகும் வரைபடத்தில் வெளியீடு பல மடங்கு ஏறுகிறது. பெரிய எண்கள் கோட்டுக்கு அருகில் இருந்தாலே அந்த எண் ஒன்றை நெருங்கிவிடும். 50 கேவியில் 20 சதவீதம் தவறினாலும் அதற்கு வலிக்காது. குழந்தைகளுக்குப் படம் எடுப்பது அந்தத் தாழ்ந்த கேவியில்தான். மடக்கை அளவில் பொருத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் பிழையைச் சதவீதமாக எழுதினால் ஒரு மாதிரியின் தரம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்படி எழுதியிருக்கும் அறிக்கைகளை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

இந்த இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 80 கேவியில் 49 என்று ஒரே ஒரு முறை அளந்துவிட்டு, மற்றக் கேவிகளுக்கு வர்க்க விதியை நம்பினால் என்ன ஆகும்? 60 கேவிக்கு 27.6 வரும், நான் அளந்தது 23. இருபது சதவீதம் மிகை. 100க்கு 76.6 வரும், அளந்தது 82. 120க்கு 110; அளந்தது 118. வடிகட்டல் கூடக் கூட, தாழ்ந்த கேவியில் வெளியீடு வர்க்கத்தைவிட வேகமாகச் சரியும் என்பதால் அடுக்கு 2 என்பது இங்கே நிற்பதில்லை. வளைகோட்டின் வடிவத்தை 4 மில்லிமீட்டர் வடிகட்டலோடு மென்பொருளிடமிருந்து வாங்கிக்கொண்டு, உயரத்தை மட்டும் அந்த ஒரே அளவீட்டால் நிறுத்தியபோது மூன்று இடங்களிலும் பிழை நான்கு சதவீதத்தைத் தாண்டவில்லை. இதைத்தான் நான் இப்போது எல்லா இடத்திலும் செய்கிறேன். வடிவம் மாதிரியிடமிருந்து, உயரம் மீட்டரிடமிருந்து, வடிகட்டல் அரைமதிப்புத் தடிமனிடமிருந்து. அரை மணி நேர வேலை. எதையும் அளக்காமல், எந்த இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு சராசரி எண்ணை வைத்து மதிப்பிட்டால் முப்பது, நாற்பது சதவீதம் தவறுவதற்குத் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தவறு எந்தப் பக்கம் என்றும் சொல்ல முடியாது.

தகட்டை எடுத்துவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். கூடுதலாக இருப்பதை எடுப்பதுதானே முறை என்பது அவர் வாதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தகட்டோடு 40 எம்ஏஎஸ் என்பது, தோலைப் பொறுத்தவரை, தகடில்லாத 28க்குச் சமம். எடுத்துவிட்டால் டெக்னீஷியன் பழைய 32க்குப் போவார். அதாவது தகடு இருக்கும்போது நோயாளியின் தோலுக்குக் கொஞ்சம் குறைவாகவே போகிறது. குழந்தைகளுக்கு எடுக்கும்போது வேண்டுமென்றே கூடுதல் வடிகட்டியைச் செருகச் சொல்லும் பரிந்துரைகள் உண்டு என்பதும் நினைவுக்கு வந்தது. டியூபுக்கு ஒரு படி சுமை கூடுகிறது என்பதுதான் இழப்பு. 300 எம்ஏ இயந்திரம் அதைத் தாங்கும். பக்கவாட்டு முதுகெலும்புப் படத்தில் நேரம் நீள்வதால் அசைவு தெரிகிறதா என்று இரண்டு மாதம் பார்க்கலாம் என்றேன். தகட்டை அங்கேயே விட்டோம். ஒட்டுப்பட்டிக்குக் கீழே, 'மொத்த வடிகட்டல் 4.0 மி.மீ. அலுமினியம், அளந்தது' என்று தேதியோடு எழுதி ஒட்டினேன். உரிமையாளருக்கு முழுத் திருப்தி இல்லை.

மருத்துவருக்குத் திருத்தக் கடிதம் எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. வெளியீடு 49 என்று வைத்தால் தோலுக்கு 3.8 மில்லிகிரே. ஆனால் வடிகட்டிய கதிர் கடினமானது, ஆழமாகப் போகும். கருப்பைக்கான பங்கை மூன்றில் ஒன்று என்று வைத்தது 2.5 வடிகட்டலுக்கு. புதிய கதிருக்கு அதைச் சற்று உயர்த்தி 0.38 என்று வைத்தால் கருப்பைக்கு 1.4 மில்லிகிரே வருகிறது, அவசரத்தில் சொல்லியிருக்கக்கூடிய 1.3 அல்ல. வெளியீட்டில் முப்பது சதவீதப் பிழை, கருவின் அளவில் இருபதாகச் சுருங்கியிருக்கிறது.

1.8 என்பதை அடித்து 1.4 என்று எழுதி, காரணத்தை நான்கு வரியில் விளக்கி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மருத்துவர் அழைத்தார். அந்தப் பெண்ணும் மாமியாரும் முதல் கடிதத்தைப் பார்த்தே சமாதானமாகி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "இப்போ ரெண்டாவதா ஒரு கடிதம்னா மறுபடி பயந்துடுவாங்க சார். குறைஞ்சிருக்குதானே? நான் ஃபைல்ல வச்சுக்கிறேன்" என்றார். சரி என்றேன்.